உகாண்டாவில் ஒரு எலுமிச்சம்பழம்

சாமி கும்பிட்டதற்காக முதலாளியிடம் திட்டு வாங்கிய ஆள், கோலார் தங்கவயலிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் குடியிருக்கும் எனக்குப் பத்து நிமிட நடையில் வேலை. ராகிக் கதிர் அடிக்கும் மிஷின் செய்கிற சின்னப் பட்டறை. உகாண்டாவிலும் ராகி விளைகிறது என்று முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு மிஷினைக் கப்பலில் அனுப்பி, பின்னாலேயே என்னை விமானத்தில் ஏற்றினார்.

“சம்பத்து, அங்க நம்ம மிஷின் வெல போவுமா போவாதான்னு பாத்து எழுதிக்கினு வா. போச்சுன்னா பட்டறை இங்கியே இருக்கும். இல்லாங்காட்டி மூடிட்டு பெங்களூருக்குப் போயிடுவேன். நீயும் தெனம் ரயிலு புடிக்க வேண்டியதுதான்” என்றார்.

அந்த ரயிலில் நின்றபடியே தூங்கப் பழகியவர்களை எனக்குத் தெரியும். முருகனை வேண்டிக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த குங்குமப் பொட்டலத்துடன் கிளம்பினேன். (எட்டாவது படித்தவன் ஏற்றுமதி ஆய்வுக்குப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கண்ணேறுதான்.)

அங்கே கதிர் அடிப்பவர்கள் பெண்கள். தடியும் கையுமாக வந்து மிஷினைச் சுற்றி நின்றார்கள். மொழிபெயர்க்க, கூட்டுறவுச் சங்கத்து ஜோசப் இருந்தார்.

சாமி கும்பிடாமல் மிஷினை ஓட்ட எனக்குக் கை வராது. எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, கதிர் செருகும் வாயில் வைத்தேன். சாறு கலந்து சிவப்பாகச் சொட்டியது. கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடினேன். திறந்தபோது கூட்டம் பத்தடி பின்னால் போயிருந்தது.

முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு பெண் ஏதோ கேட்டாள்.

“இதில் யாருடைய கை போனது என்று கேட்கிறார்” என்றார் ஜோசப், ஆங்கிலத்தில்.

எனக்குச் சுருக்கென்றது. “நோ ஹேண்ட். காட். காட் சேஃப்டி” என்றேன். (வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.)

அந்தப் பெண் கிட்டே வந்து மிஷினின் வாயைக் குனிந்து பார்த்தாள். “கடவுளைக் காவல் வைக்கிற அளவுக்கு ஆபத்து என்றால், இதற்கு ஏன் மூடி போடவில்லை?” என்று அடுத்த கேள்வி.

மூடி இருந்தது. கதிர் சிக்குகிறது என்று நான்தான் கழற்றிப் போட்டேன். எங்கள் பட்டறையில் அப்படித்தான். மூடியைக் கழற்றிவிட்டுப் பழம் வைப்போம். ஒருவர் கைக்கும் ஒன்றும் ஆனதில்லை. (கூட வேலை செய்யும் மணியின் சுண்டுவிரல் நுனியை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.)

ஒரு கதிரைக்கூட யாரும் என்னிடம் தரவில்லை. வந்த ஆத்திரத்தில், அறிக்கையில் ‘விற்பனைக்குத் தடை’ என்ற இடத்தில், “இந்த நாட்டு மக்களுக்கு நம்பிக்கை இல்லை. மிஷின் போகாது” என்று எழுதினேன்.

ஊர் திரும்பினால், எனக்கு முன்பே ஜோசப்பின் கடிதம் வந்திருந்தது. மூடியோடு அனுப்பினால் வாங்கிக்கொள்வார்களாம்.

“இன்னாபா சம்பத்து, மூடியைக் கழட்னது நீ. நம்பிக்கை இல்லாதது அவங்களுக்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார் முதலாளி.

கதிர் சிக்காத மூடி ஒன்று செய்தோம். அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை உகாண்டா போனவன் மணி. தன் சுண்டுவிரலைக் காட்டியே மூடியின் அருமையை விளக்கினானாம். மிஷின் போயிற்று. பட்டறை இங்கேயே இருக்கிறது. நானும் நடந்தே வேலைக்குப் போகிறேன். எல்லாம் முருகன் செயல் என்கிறேன். மணியின் விரல் என்கிறார்கள் பட்டறையில்.

வீட்டில் அதைவிட மோசம். ஆயுத பூஜைக்கு என் மனைவி மிக்ஸிக்குக் குங்குமம் வைக்கப் போனால், என் மகள் அடுப்படிக்கு ஓடி வருகிறாள்.

“மொதல்ல மூடியைப் போடும்மா. அப்பா கண்ண மூடப் போறாரு.”