சிரசாசனத்தில் கண்ட உளவாளி

சந்தேகம் எனக்கு வியாதியல்ல, சுபாவம். வாசல் படலையைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, பூட்டினேனா என்று திரும்பி வந்து ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டிப் பார்த்ததை யாராவது கண்டார்களா என்று சுற்றிலும் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் ஒருகாலத்தில் முப்பது பொடியன்களுக்கு மன அமைதி படிப்பித்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். (நம்பாதீர்கள். நானே நம்புவதில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்தகாலம். கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. குடாநாடே சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஒரு புதுமுகம் வந்தால், அவர் நடக்கிற ஒழுங்கை முடிவதற்குள் நாலு பேர் "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டுவிடுவார்கள். எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்த காலம். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த காலம்.

நீர்வேலிச் சங்கக்கடையில் எனக்கு வேலை. வாசிகசாலையின் பின்வளவில் தவம் மாஸ்ரர் காலையில் கராத்தே பழக்குவார். ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், மூன்று பேருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அடிதடி தொடங்குமுன் உடம்பை இளக்க ஏதாவது வேண்டும் என்று மாஸ்ரர் தேடியபோது என் பெயர் அடிபட்டது. எனக்கு யோகா தெரியும் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையைக் கட்டிவிட்டவனும் நான்தான். உண்மையில் என்னிடம் இருந்தது அட்டை போன ஒரு பழைய புத்தகம். ஆசனத்துக்குள் எப்படிப் போவது என்ற பக்கங்கள் இருந்தன. எப்படி வெளியே வருவது என்ற பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.

நான் ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த மாதம்தான் வட்டுக்கோட்டையில் வசந்தி என்றொரு பெண்ணின் சாதகம் எனக்குப் பொருந்தி வந்திருந்தது. அவளுடைய படத்தை ஒருதரம் பார்த்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். (அலுமாரியைத் திறந்து பார்த்த தரங்களைச் சேர்க்காமல்.) என் படமும் அங்கே போய்விட்டது. மிச்சம் இருந்தது விசாரிப்பு. பெண் பக்கத்தார் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஊராரிடம் மாப்பிள்ளையின் குணத்தைக் கேட்டுப் போவார். யார் வருவார், எப்போது வருவார் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது. தரகர் அங்கே சொல்லி வைத்திருந்தது இதுதான்: "பொடியன் பரம சாது. யோகா படிப்பிக்கிறவர். கோபமே வராது."

அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "தம்பி, உன்ரை செவ்வாய்க்குற்றத்துக்குப் பொருந்தினது உது ஒண்டுதான். உது தப்பினால் பிறகு நீயும் நானுந்தான். ஒரு மாதத்துக்காவது மனிசன் மாதிரி இரு."

முதல்நாள் வகுப்பு. வெள்ளை உடுப்போடு பொடியன்கள் வரிசையாக நின்றார்கள்.

"எல்லாரும் மல்லாக்கப் படுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. குகன் என்றொரு வாய்க்காரன் இருந்தான். அவன்தான் கேட்டான்: "அண்ணை, குப்புற அல்லோ படுக்கவேணும்?"

"ஏனடாப்பா?"

"ஹெலி வந்து சுட்டால் குப்புறப் படுக்கச் சொல்லித்தானே பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை."

"இப்ப ஹெலி வராது."

"வராதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முப்பது சோடிக் கண்களும் என்னைப் பார்த்தன. அந்த நாட்களில் பதில் சொல்லக்கூடாத கேள்வி அது. தெரியும் என்றால் நானே உளவாளி. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பாதிப் பேர் மல்லாக்க, பாதிப் பேர் குப்புற, மயிலிட்டிக் கரையில் மீன் காயப்போட்டது போலக் கிடந்தார்கள். "கண்ணை மூடுங்கோ" என்றேன். ஆளுக்கொரு கண்ணை மூடினார்கள். மாஸ்ரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உது கராத்தே இல்லை, நித்திரை" என்றார். நான் அவருடைய பொடியன்களை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

இரண்டாம் கிழமை அந்த மனிதர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேட்டு, வேட்டி. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கிடுகு ஓலை விலகிய இடத்தால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூச்சை உள்ளுக்கு இழுங்கோ, மனதிலை ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ" என்று பொடியன்களுக்குச் சொல்லிக்கொண்டே நான் அவருடைய செருப்பு, சைக்கிள், கரியர் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் வந்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார்: "உன்னைப் பற்றித்தான் கேக்கிறான். எத்தினை மணிக்கு வாறவன், ஆரோடை சேருறவன், குடிக்கிறவனோ எண்டெல்லாம். கவனமடாப்பா."

வாசிக்கிற உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. கலியாணத்துக்கு விசாரிக்க வருகிறவர் வாயால் கேட்டுவிட்டுப் போவார், வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார் என்பது என் முடிவு. ஆகவே இவன் உளவாளி. எந்தப் பக்கத்து உளவாளி என்பது மட்டுந்தான் அன்றிரவு முழுக்க என் பிரச்சினை.

மூன்றாம் நாள் சிரசாசனம் செய்து காட்டினேன். உடம்பு இளகச் சிரசாசனம் தேவையில்லை. மாஸ்ரரின் வாயை அடைக்க எனக்குத் தேவைப்பட்டது. தலைகீழாக நின்றபடி வேலியைப் பார்த்தேன். மனிதர் சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு படத்தைத் தலைகீழாகப் பிடித்து, திரும்ப என்னைப் பார்த்து, "ஓம், உவன்தான்" என்பது போலத் தலையாட்டினார்.

அந்தக் காலத்தில் உங்கள் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்: ஆளைக் கொண்டு போய்விடுவார்கள். இரத்தம் முழுக்க ஏற்கெனவே தலையில் இருந்தபடியால்தான் மயங்காமல் தப்பினேன்.

"பிடியுங்கோடா அவனை!"

கத்தினது நான்தான். வெளியே வரும் பக்கத்தைக் கறையான் தின்றிருந்ததால், குலை வெட்டிய வாழை மாதிரிச் சரிந்து விழுந்தேன். நான் எழும்புவதற்குள் முப்பது பேரும் வேலியைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருசமாகக் காற்றையே குத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றுதான் ஒரு ஆள் கிடைத்திருந்தது. மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசிகசாலை மர வாங்கில் இருத்தினார்கள்.

நான் நெற்றியில் மண்ணோடு விசாரணையைத் தொடங்கினேன்.

"பேர்?"

"செல்லத்துரை."

"ஊர்?"

"வட்டுக்கோட்டை."

அங்கேயாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். நான் நினைத்ததோ வேறு: பார், எனக்குப் பெண் பார்க்கிற ஊர் வரைக்கும் அறிந்து வைத்திருக்கிறான்!

"இஞ்சை என்ன வேலை?"

விசாரிக்க வந்தவர் விசயத்தைச் சொல்லக்கூடாது அல்லவா? மனிதர் அந்த நேரத்திலும் முறை தவறவில்லை. "வாழைக்குலை பாக்க வந்தனான்."

"மூண்டு நாளாவோ? கரியரிலை ஒரு கயிறுகூட இல்லை!"

"குலை இன்னும் முத்தேல்லைத் தம்பி."

மாஸ்ரர் அவருடைய பொக்கற்றிலிருந்து படத்தை எடுத்தார். ரை கட்டி, ஸ்ரூடியோவில் எடுத்த என் முகம். பின்பக்கத்தைத் திருப்பி உரக்க வாசித்தார். என் பெயர். அதன் கீழே, "பூராடம், இரண்டாம் பாதம். எட்டிலை செவ்வாய்."

வளவு முழுக்க ஒரு அமைதி. நான் படிப்பித்த நாட்களில் ஒருபோதும் வராத அமைதி. குகன்தான் அதைக் கலைத்தான்: "அண்ணை, உளவாளிக்கு உங்கடை நட்சத்திரம் என்னத்துக்கு?"

மனிதர் எழும்பி, தெறி அறுந்து நெஞ்சு தெரிந்த சேட்டை இழுத்துவிட்டார். "நான் வசந்தியின்ரை தாய்மாமன். கோபமே வராத பிள்ளை எண்டு சொன்னவை. அதுதான் வடிவாய்ப் பாப்பமெண்டு வந்தனான்." பொடியன்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் நல்லாய்ப் பிடிக்கிறியள்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று அம்மா அடுப்பே மூட்டவில்லை. வசந்தியின் படத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று நான் அலுமாரிப் பக்கமே போகவில்லை. பத்தாம் நாள் தரகர் வந்து, "அவையளுக்குச் சம்மதம்" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. "ஏனாம்?" என்று மூன்றுதரம் கேட்டேன். அவருக்கும் தெரியாது.

கலியாணத்துக்கு அடுத்தநாள் செல்லத்துரை மாமா என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார். "என்ரை அத்தான், வசந்தியின்ரை தேப்பன், எல்லாரையும் நம்புற மனிசன். ஆரோ ரெண்டு பேர் வந்து 'ஒருக்கா வந்திட்டுப் போங்கோ' எண்டு கூப்பிட, செருப்பைக் கொழுவிக்கொண்டு போனவர்தான். மாப்பிள்ளை பரம சாது எண்டு தரகர் சொன்னதும் அக்கா உந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டிட்டா. நான்தான் ஒருக்காப் பாத்திட்டு வாறன் எண்டு வந்தனான். திரும்பிப் போய்ச் சொன்னன்: அக்கா, உவன் சாதுவே இல்லை. தலைகீழாய் நிண்டும் வேலியடியிலை ஆர் நிக்கிறதெண்டு பாக்கிறான். உவன் வீட்டுக்குத் திரும்பி வருவான்."



வசந்தி இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தும்போதே சொல்லி வளர்த்துவிட்டாள். போன வருசம் மகள் ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இவர்தான்" என்றாள். நான் தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான்.

"பொறுங்கோ அப்பா. முதலிலை தலைகீழாய் நிண்டு வடிவாய்ப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எழும்பி, நான் நிற்பதற்கு இடம் விட்டுத் தன் கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தான். அந்த இடத்திலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

(வெளியில் சொல்லவில்லை. மூன்று நாள் பொறுத்துச் சொல்கிறேன் என்றேன்.)