பிரிக்காதே சாரும் கொம்பு வைத்தவனும்

கடையில் வாங்கிய பொருளைப் பிரிக்காமலே ஒரு மனிதன் காலத்தை ஓட்டிவிட முடியும் என்று வாழ்ந்து காட்டியவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் பிரிக்காதே சார் ஒருவர்தான்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி. கீழே செல்வி அக்காவின் மெஸ், மேலே இரண்டு அறைகள். ஒன்றில் நான் இருந்தேன். மரவள்ளிக் கிழங்கு வாங்கும் ஆலையில் வேலை. அடுத்த அறையில் அவர். கல்வராயன் மலைமேல் நிற்கும் செல்போன் கோபுரங்களைப் பழுது பார்ப்பது அவர் உத்தியோகம். ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. வந்த ஜாதகங்களைக்கூட அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்று மெஸ்ஸில் கேலி பேசுவார்கள்.

அவர் பைக் சீட்டில் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பாலிதீன் உறை அப்படியே இருக்கும். மழையில் வழுக்கி மூன்று முறை விழுந்தார். உறை மட்டும் கழலவில்லை. மெத்தைக்கும் உறை உண்டு. அவர் புரண்டு படுத்தால் யாரோ மிக்சர் தின்பதுபோல் என் அறைக்குக் கேட்கும். தீபாவளிக்கு ஆபீஸில் கொடுத்த இனிப்புப் பெட்டியைக் கடைசியில் எறும்புகள்தான் பிரித்தன. அவர் மேசையில் இருக்கும் எதன்மேல் யார் கை வைத்தாலும், "பிரிக்காதே!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போடுவார். பெயர் வந்தது அப்படித்தான். சொந்தப் பெயர் என்னவென்று வாடகைச் சீட்டு எழுதியவருக்காவது தெரியுமோ என்னவோ.

இதெல்லாம் சிரிப்பு. அவர் அறைக்குள் போனால் சிரிப்பு நின்றுவிடும்.

மூன்று சுவரிலும் பலகை அடித்து, அறுபத்தொரு பெட்டிகளை அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் முகப்பும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே ஒரு சாண் உயரத்தில் ஒரு பொம்மை. வாள் பிடித்தவன், இறக்கை வைத்தவள், பாதி முகம் இரும்பானவன். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, வளர்ந்த ஆண்பிள்ளைகள் வாங்கிச் சேர்ப்பது. முன்கையில் நரம்பு தெரியும். கண்ணில் ஈரம்கூட வரைந்திருந்தான் செய்த பாவி. அத்தனை பேருடைய மணிக்கட்டையும் இடுப்பையும் கணுக்காலையும் மெல்லிய கம்பியால் அட்டையோடு கட்டிப் போட்டிருந்தது.

எனக்கும் சிறு வயதில் ஒரு பொம்மை இருந்தது. ரிஷிவந்தியம் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய ரப்பர் போலீஸ்காரன். வயிற்றை அமுக்கினால் பீப்பீ என்பான். முகம் என்று பார்த்தால் இரண்டு புள்ளி, ஒரு கோடு; அதுவும் ஒரே வாரத்தில் தேய்ந்துவிட்டது. மூஞ்சி போனதும்தான் அவன் உருப்பட்டான். ஒருநாள் டாக்டர், மறுநாள் கண்டக்டர், கிணற்றில் விழுந்த அன்று நீச்சல் வீரன். சார் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யார் யார் என்பதை அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். வேறு யாராகவும் ஆக வழியில்லை.

"சார், இதுக்கெல்லாம் கை கால் மடங்குமா?"

"ஒவ்வொருத்தனுக்கும் இருபத்தெட்டு மூட்டு தம்பி."

"மடக்கிப் பாத்திருக்கீங்களா?"

"ஐயோ! பிரிச்சா செத்துடும்."

"மடக்காம எதுக்கு சார் மூட்டு?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "உன் போலீஸ்காரன் இப்ப எங்க?"

"தெரியலையே சார்."

"என் ஆளுங்க அத்தனை பேரும் இங்கதான் இருக்காங்க."

அன்று இரவு போலீஸ்காரனைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மலைக்குப் போனால் இரண்டு மூன்று நாள் வரமாட்டார். ஒரு சாவி என்னிடம் இருக்கும், பெருக்க வரும் செல்வி அக்காவிடம் இன்னொன்று. உச்சிப்பொழுதில் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து, ஈரத்துணி தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பெட்டி கோணிவிடுமாம். கள்ளக்குறிச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். தெருவில் நாய்கூட நடமாடாத அந்த நேரத்தில் அறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சற்றுப் பொறுத்து எதிர்ச் சுவரிலிருந்து இன்னொரு 'டக்'. யாரோ விரலைச் சொடுக்குவதுபோல் இருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் விரிகிறது என்று எனக்குத் தெரியும். நானும் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் படித்தவன்தான். ஆனாலும் இருபத்தெட்டு மூட்டு என்று அவர் சொன்னது அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகத்துக்கு வந்து தொலையும். கோயில் கருவறையிலிருந்து வருவதுபோல் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே வருவேன்.

அறுபத்தொன்றில் அவருக்கு உயிர் கொம்பு வைத்தவன்தான். சிவந்த உடம்பு, கறுத்த கொம்பு, உதட்டுக்கு வெளியே இரண்டு பல். அவன் பார்சலில் வந்த அன்று அவர் நேராக மலைக்குக் கிளம்பவேண்டியிருந்ததால் அதையும் பையில் வைத்து எடுத்துப் போனார். மலையில் ஒரு டீக்கடையில் பெட்டியைப் பார்த்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாராம். "இது எந்த ஊரு சாமிங்க?" என்று கேட்டவர், கொஞ்சம் தயங்கி, "இன்னா தப்பு பண்ணுச்சின்னு கட்டிப் போட்டுகிறீங்க?" என்றும் கேட்டாராம். சார் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒருநாள் மாலை மலையிலிருந்து வந்தவர் கதவைத் திறந்ததும், "தம்பி!" என்றார். குரலே அவருடையதாக இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். அறுபத்தொரு பெட்டியும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அட்டையின் முதுகு மட்டும் வரிசையாகத் தெரிந்தது.

செல்வி அக்கா ஈரக் கையோடு மாடியேறி வந்தார். எங்களுக்குச் சோறு போட்டு, அறை பெருக்கி, அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தார்ப்பாய் கட்டி மகளோடு குடியிருந்தவர். வடக்கனந்தலிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார்.

"நான்தான் சார் திருப்பி வெச்சேன். அத்தினி கண்ணு பாத்துக்கினு இருந்தா எப்டி சார் குனிஞ்சி பெருக்கறது?"

"பொம்மைம்மா அது!"

"எங்க ஊர்ல சாமி செலைக்கு எல்லாத்தையும் முடிச்சிட்டு கடேசியாதான் சார் கண்ணு தொறப்பாங்க. தொறந்தவொடனே கண்ணாடி காட்டுவாங்க, பசுமாட்ட காட்டுவாங்க. மொதல்ல எத்த பாக்குதோ அதும்மேலதான் அதுக்குப் பாசம். இதுங்க மொதல்ல இன்னாத்த பாத்துச்சோ?"

"ஃபாக்டரியைப் பார்த்திருக்கும் அக்கா," என்றேன்.

"எங்க தம்பி? கண்ண வரைஞ்சான், பொட்டில போட்டு மூடிட்டான். மொதல்ல பாத்ததே இருட்டுதான்."

சார் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்ப ஆரம்பித்தார். கொம்பு வைத்தவனிடம் வந்தபோது செல்வி அக்கா ஓரடி பின்வாங்கினார்.

"சார், அறுவதுதான் நான் திருப்பினேன். அவன நான் தொடவே இல்ல. பயமா இருந்திச்சி."

நான் சாரைப் பார்த்தேன், சார் என்னைப் பார்த்தார். சாவி என்னிடமும் அக்காவிடமும்தான் இருந்தது. நான் அன்றைக்கு அறைக்குள் போகவே இல்லை.

அந்த வருஷம் செல்வி அக்கா வடக்கனந்தலில் ஒற்றை அறை வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டிருந்தார் என்பதைவிட, விழுந்ததை எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார் என்பதே சரி. கோடை மழையில் ஒரு சுவர் சாய்ந்தது. கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தார். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் கூரைக்கு அடித்த பலகை அத்தனையும் சரிந்தது. கண்ணேறு என்றார்கள். பேண்ட் சட்டை மாட்டி வைக்கோல் பொம்மை கட்டினார் அக்கா. அதை ஆடு தின்றுவிட்டது. அந்த இடத்தில் என்னவோ இருக்கிறது, சரியான திருஷ்டி பொம்மை இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாவிட்டால், வயதுக்கு வந்த மகளோடு இன்னொரு மழைக்காலமும் தார்ப்பாய்க்குக் கீழேதான்.

அக்கா சாருக்கு ஒரு கரண்டி ரசம் அதிகமாக ஊற்றிவிட்டுக் கேட்டார். "சார், அந்தக் கொம்பு வெச்சவன ஒரு பத்து நாளைக்குக் குடுங்க."

சாருக்குப் புரை ஏறிவிட்டது. முடியாது என்றார். அது விற்பனைக்கே கிடைக்காதது என்றார். அக்கா மறுபடி கேட்கவில்லை. அதுதான் சாரைத் தின்றது. நான்கு நாள் அரைச் சோறு சாப்பிட்டார். ஐந்தாம் நாள், "தரேன். ஆனா பெட்டியோடதான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வடக்கனந்தல் போனோம். மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது. மூங்கிலில் கயிறு கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டோம். மேஸ்திரி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார், கடைக்கு போர்டு மாட்ன மாதிரி கீது? உள்ள வெச்சிப் பூட்ன காவக்காரன் எப்டி சார் ஓடியாந்து தடுப்பான்? நான் வரல."

செல்வி அக்கா அவரோடு சண்டை போடவில்லை. "வுடுங்க மேஸ்திரி. சாரு இவ்ளோ குடுத்ததே பெருசு," என்றவர், மழைக்கு முன்னால் சிமெண்டு மூட்டையை மூட சாக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். குனிந்தவர் நிமிராமலே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

பிரிக்காதே சார் மலையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பிறகு, "கத்தி இருக்காம்மா?" என்றார்.

பெட்டியைக் கீழே இறக்கினோம். வெங்காயம் நறுக்கும் கத்திதான் இருந்தது. அவர் அதைப் பிடித்த விதத்தில் விரலை அறுத்துக்கொள்வார் என்று பயந்தேன். ஒட்டுத்தாள் கிழிந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கட்டுக் கம்பி, இடுப்புக் கம்பி, கணுக்கால் கம்பி என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"சார், அது கண்ண பொத்துங்க! மொதல்ல கண்ணாடி காட்டணும்!" என்று செல்வி அக்கா கத்தினார்.

"இத்தனை நாளும் எல்லாத்தையும் பார்த்துட்டுதானேம்மா இருந்தது?"

"கவரு வழியா பாத்ததெல்லாம் கணக்குல வராது சார்."

கட்டுமான இடத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது? செல்ஃபி கேமராவைக் காட்டலாம் என்று மேஸ்திரி போனை எடுத்தார், சார்ஜ் இல்லை. "நீங்களே எதிர்ல காட்டுங்க சார், உங்க மூஞ்சிய," என்றார் அக்கா. சார் பொம்மையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பொத்தியிருந்த விரலை எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவர் அதன் கையை மெல்லத் தூக்கினார். 'டக்' என்றது. உச்சிப்பொழுதில் நான் கேட்ட அதே சத்தம். எனக்கு முதுகு சில்லிட்டது. அவருக்கோ முகம் மலர்ந்தது. முழங்காலை மடக்கிச் சுவர்மேல் உட்கார வைத்தார். மேஸ்திரிக்கு சல்யூட் அடிக்க வைத்தார். செங்கல்லுக்குச் செங்கல் தாவ விட்டு, வாயாலேயே 'விஷ்க், விஷ்க்' என்று சத்தமும் கொடுத்தார். ஐம்பது வயது மனிதர், மண்ணில் மண்டி போட்டு. இருபது நிமிஷம் நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

"சார், மழ வந்துடப் போவுது," என்றார் மேஸ்திரி, ரொம்ப மரியாதையாக.

கட்டித் தொங்கவிட்ட மறுநாளே வேலை ஓடத் தொடங்கியது. எந்தப் பக்கம் நின்றாலும் அது தங்களையே பார்க்கிறது என்று சித்தாள்கள் முறையிட்டார்கள். காணாமல் போயிருந்த இரண்டு இரும்புக் கம்பிகள் ஒரு காலையில் வாசலில் கிடந்தன, யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று தெரியாது. பத்தாம் நாள் கான்கிரீட் போட்டார்கள். மழை அதற்குப் பிறகுதான் இறங்கியது.

இதோடு சார் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்ச அறுபதும் பெட்டிக்குள்ளேயேதான் இருந்தன. ஆனால் ஞாயிறுதோறும், "கயித்தப் பாத்துட்டு வரேன்," என்று வடக்கனந்தலுக்குப் போவார். திரும்பி வரும்போது கையெல்லாம் மண்ணாக இருக்கும்.

தை மாதம் அவருக்கு நீலகிரிப் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்பும் அன்றுதான் செல்வி அக்கா வீட்டில் பால் காய்ச்சினார்கள். காலையில் நாங்கள் போனபோது கொம்பு வைத்தவன் மலைப் பக்கம் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தான். சிவப்பு வெளுத்து, ஒரு கொம்பு முறிந்து, வாயில் சிமெண்டு அப்பியிருந்தது. அக்கா ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

"எடுத்துக்கினு போங்க சார். வூடுதான் முடிஞ்சிடுச்சே."

சார் அண்ணாந்து பார்த்தார். "வேலையில இருக்கறவன எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? இருக்கட்டும்," என்றார்.

கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புழுதி அடங்கியதும் நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். கொம்பு வைத்தவன் மலையைப் பார்க்கவில்லை. பஸ் போன சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தான்.

"காத்து அக்கா," என்றேன்.

"எங்க தம்பி காத்து? பொக நேரா போவுது பாரு."

பால் காய்ச்சிய அடுப்பின் புகை ஆடாமல் அசையாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பயம் கொஞ்ச நேரம்தான். பிறகு நானும் அதன் பக்கத்தில் நின்று அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த மனிதர் போனது பிடிக்கவில்லை.