சம்மாட்டியின் மீசையும் என் புரதப் பிரசங்கமும்

தாழ்வுபாடு,
12.06.2012

பெருமதிப்புக்குரிய வருங்கால டொக்டர் ஜெனிஸ்ரா அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பி நிலக்சன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் கருவாட்டுக் காகங்களும் நலம். முதலில் ஊரே அதிரும் செய்தி: நான் இப்போது நீளக் காற்சட்டைக்காரன். கடலில் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. எல்லாம் ஒரு அந்தஸ்துதான்.

இனி அடுத்த செய்தி. அம்மாவின் கைகளில் வெண்புள்ளி கூடிவிட்டது. போன திங்கள், அம்மா மீன் காயப்போடும் வாடிக்குச் சொந்தக்காரரான நீக்கிலாஸ் சம்மாட்டி, “அகஸ்ரினா, குறை நினையாதை பிள்ளை, இனி மீனிலை கைவைக்காதை. ஆருக்கும் தொத்தினால் என்ன செய்யிறது?” என்றார். அம்மா கூடையை இறக்கி வைத்தா. அந்த வேலை போனால் எங்கள் அடுப்பும் போகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. கூடப் போயிருந்த நான், கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தில் ஏறி, நீங்கள் போனில் சொல்லித் தந்த பாடத்தை அவிழ்த்துவிட்டேன்.

“சம்மாட்டி, தோலுக்கு நிறம் குடுக்கிற கலத்துக்குள்ளை புரதம் இருக்கு. சில நேரம் அதிலை ஏதும் வந்து ஒட்டி அதின்ரை உரு மாறிப்போகும். உடனே உடம்பின்ரை காவல்காரர், ஆரோ அந்நியன் வந்திட்டான் எண்டு சொந்தக் கலத்தையே அடிக்கிறாங்கள். நீங்கள் இந்தியா அகதி முகாமிலையிருந்து மீசையை வழிச்சுப்போட்டு வந்து இறங்க, பழைய அடையாள அட்டையிலை மீசை இருக்கு எண்டு ஆமிச் சென்றியிலை மறிச்சு அரைநாள் இருத்தினவங்கள் எல்லோ? அதே கதைதான். அண்டைக்கு உங்களைத் தொட்ட ஆருக்கும் மீசை கொட்டினதோ?”

வாடியே சிரித்து உருண்டது. மார்த்தா மாமி கையிலிருந்த சூடைமீனைக் கொட்டிவிட்டா. சம்மாட்டி புதுமீசையைத் தடவித் தடவி, “உது ஆற்றை வால் இல்லாத குரங்கு?” என்றார்.

“என்ரைதான்,” என்றா அம்மா.

“சரி, நீ நாளைக்கு வேலைக்கு வா பிள்ளை. உவனைக் கொண்டுவராதை.”

பார்த்தீர்களா அக்கா! புரதம் தெரிந்தவனுக்குத் தோல் ஒரு பொருட்டா? எனக்குப் பயமாவது, வெட்கமாவது!

மாதா உங்கள் பரீட்சைத் தாளிலும் ஒரு கண் வைப்பாராக.

இப்படிக்கு,
வெற்றிவீரன் நிலக்சன்

பி.கு.: அந்தஸ்து என்று எழுதியது பொய். வலது முழங்காலுக்குப் பின்னால், சட்டைப் பொத்தான் அளவில், தவக்காலத்திலிருந்து ஒரு வெள்ளை. அம்மாவுக்குச் சொல்லவில்லை, தன்னால்தான் வந்தது என்று அழுவா. ஊருக்குச் சொன்ன பிரசங்கம் என் காற்சட்டைக்குள் மட்டும் எடுபடுகுதில்லை. கெதியாய் வந்து பாருங்கோ அக்கா. ஈரக் காற்சட்டை பொல்லாத கடி கடிக்குது.