‘வாரேன்’ என்று சொன்ன இருபத்துநாலு தறிகள்

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களில் பாதிப் பேர், ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதைப் படிக்கச் சோம்பல்பட்டவர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு எப்போதும் முன்வரிசையில் இடம் உண்டு.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. தற்காலிகம்தான். ஆனால் அப்பா எங்கள் தெரு முழுக்க, “கோதைக்கு வேலை பெர்மனென்ட் ஆயிருச்சு” என்று சொல்லி முடித்திருந்தார். (அதை உண்மையாக்குகிற சின்ன வேலையை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தார்.)

கம்பெனியில் இருபத்துநாலு தறி. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கித் தருகிற ஒரு நிறுவனம், எந்தச் சுருள் எந்தத் தறியில் எப்போது ஓடியது என்று பதிவு இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டது. அதனால் தறிக்கு ஒரு குட்டிப் பெட்டி பொருத்தினோம். ஓடிய மீட்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஆபீஸ் சர்வருக்குச் சொல்வது அதன் வேலை. சர்வருக்கு நான் புரோகிராம் எழுதினேன், பெட்டிக்கு என்னோடு வேலை பார்த்த ராஜு எழுதினான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஆய்வுக்கு வாரவிய திருப்தியாப் போனா நீ பெர்மனென்ட். இல்லன்னா மாசக் கடைசியோட பாத்துக்கிடுவோம்” என்றார். எதைப் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கரண்ட் போனால் சர்வர் அணைந்து எழும். எழும்போது யாரோடு எதுவரை பேசினோம் என்பது அதற்குச் சுத்தமாக மறந்திருக்கும். பெட்டிகளுக்குச் சொந்த பேட்டரி உண்டு, அவற்றுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். விட்ட இடத்திலிருந்து பெட்டி பேச ஆரம்பிக்க, சர்வர் திருதிருவென்று முழிக்கும். பதிலே வராவிட்டால் பெட்டி சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். ‘எனக்கு மறந்துபோச்சு, பழைய பேச்சை விட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பி’ என்று சர்வர் எப்படியாவது சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் இதற்கெல்லாம் முறை எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லூரி சீனியர் ஒருவர் அந்த ஆவணத்தை அனுப்பி, “படி” என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. இருபத்துநாலு தறிக்கு இவ்வளவு எதற்கு என்று மூடிவைத்தேன். சர்வர் ‘போறேன்’ என்று சொல்லும், அதோடு பெட்டி பழைய பேச்சை விட்டுவிடும். நூறு பக்கத்தை ஒரு சொல்லில் முடித்துவிட்ட பூரிப்பில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

பெட்டியில் சின்னத் திரை உண்டு. தறி ஓட்டுகிறவர்கள் படிக்கட்டும் என்று எல்லாச் செய்தியும் தமிழில்தான் வைத்திருந்தேன். சோதனைக்கு ஒன்பதாம் தறியில் ஒரு பெட்டியை மாட்டியதும் அதை ஓட்டும் ஞானம் அக்கா கூப்பிட்டார்.

“ஏட்டி கோதை, காலையில வந்து நிக்கையிலேயே ‘போறேன்’னு காட்டுது. வீட்டுல யாராச்சும் அப்படிச் சொல்லுவாகளா? ‘வாரேன்’னு மாத்து.”

நியாயம்தானே. எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள். மாற்றிவிட்டேன். இதற்குள் முதலாளி ராஜுவை மதுரைக்கு அனுப்பியிருந்ததால், போனில் ஒரு வரி எழுதினேன்: ‘ஞாபகம் போனால் சர்வர் வாரேன் என்று சொல்லும்.’ அவன் கட்டைவிரலைக் காட்டினான். அத்தோடு முடிந்தது எங்கள் கலந்தாலோசனை.

அந்த நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் மெலிந்த மனிதர், பேச்சைச் செலவழிக்காதவர். மத்தியானம் ஷிப்ட் மாறுவதற்குச் சற்று முன்னால், அவர் தறிக் கூடத்தில் நிற்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டதும் தறிகள் ஓடின, சர்வரும் எழுந்தது. எனக்கோ பரம சந்தோஷம். “இப்பப் பாருங்க சார், தானாச் சரியாகிரும்” என்றேன். (அந்த வாயை அன்றைக்கு யாராவது தைத்திருக்கலாம்.)

திரைகளில் ‘வாரேன்’ தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. இருபத்துநாலு தறியிலும் அதே கதை. அவர் திரும்பி ஞானம் அக்காவிடம், “என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“செத்த நேரமா வாரேன் வாரேன்னுதான் சொல்லுது சார். வரத்தான் காணோம்.”

ஆய்வுக்காக அன்று காலைதான் மதுரையிலிருந்து திரும்பியிருந்த ராஜுவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“வாரேன்னு வந்தா பெட்டி என்ன செய்யும்?”

“சர்வர் வருதுன்னு பேச்ச நிப்பாட்டிட்டு, ‘நானும் வாரேன்’னு பதில் சொல்லும்.”

“வருதா? நான் சொன்னது போயிட்டு வாரேன்ல?”

“நீ வாரேன்னுதான எழுதியிருந்த.”

“உங்க வீட்டுல கெளம்புறப்ப என்ன சொல்லுவீக?”

அவன் வீட்டில் தெலுங்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, “வஸ்தானு” என்றான். அதற்கும் வாரேன் என்றுதான் அர்த்தம்.

சர்வருக்கு யாரையும் ஞாபகம் இல்லை, அதனால் யார் பேசினாலும் ‘வாரேன்’ என்றது. பெட்டியும் ‘வாரேன்’ என்றது. இதை யார் சொன்னது என்று தெரியாமல் சர்வர் அதற்கும் ‘வாரேன்’ என்றது. கல்யாண வீட்டு வாசலில் ஒருவரையொருவர் வழியனுப்பிக்கொண்டே நிற்பார்களே, அப்படி. அவர்களுக்காவது கால் வலிக்கும்.

இருபத்துநாலு பேரும் சேர்ந்து விடைபெற்றதில் ஆபீஸ் நெட்வொர்க் திணறி, வாசலில் இருந்த கைரேகை மெஷினும் நின்றுபோனது. வேலை முடிந்தவர்கள் வெளியே போக முடியவில்லை, வந்தவர்கள் உள்ளே வர முடியவில்லை. எல்லாரும் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எழுப்பி ஒருவழியாக ஓடவிட்டோம்.

அதுவரை பொறுமையாக நின்ற அந்த மனிதர், “அந்த வார்த்தைய சர்வர் மட்டுந்தான் சொல்ல முடியுமா?” என்றார்.

“ஆமா சார்.”

“உங்க லேப்டாப்ல இருந்து ஒன்பதாம் தறிக்கு அதையே அனுப்புங்க.”

அனுப்பினேன். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த பெட்டி, சொல்வது யார் என்றுகூடக் கேட்காமல் பேச்சை நிறுத்தியது.

“வழியில போறவங்க சொன்னாக்கூடக் கேக்குதேம்மா” என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பதிவு நம்பும்படி இல்லை, ஒரு மாதம் கழித்து மறு ஆய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதைப் படித்துவிட்டு, “அந்த ஒரு மாசந்தான் ஒனக்கும்” என்றார். பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதேன். அவமானம் பாதி, அப்பாவிடம் என்ன சொல்வது என்கிற பயம் பாதி.

அன்றே அந்த ஆவணத்தைத் திறந்தேன். நான் விழுந்த இரண்டு குழிகளும் அதில் இருந்தன, சுற்றி வேலியும் போட்டிருந்தார்கள். பேச்சு தொடங்கும்போதே சர்வர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி ரகசியச் சொல் கொடுத்துவிட வேண்டும். மறந்துபோனபின் அதே சொல்லைச் சொன்னால்தான் பெட்டி நம்பும், வேறு யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. எல்லாம் மறந்த சர்வருக்கு அது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்? இருக்க வேண்டியதில்லை. டிஸ்கில் பத்திரமாக ஒரே ஒரு சாவி இருந்தால் போதும். பெட்டி ஒவ்வொரு செய்தியோடும் அனுப்புகிற இணைப்பு எண்ணையும் அந்தச் சாவியையும் வைத்துக் கணக்குப் போட்டால் அதே சொல் மறுபடி வந்துவிடும்.

இன்னொன்று, தெரியாத ஆளிடமிருந்து வந்த செய்தியைவிட ஓர் எழுத்தாவது குறைவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரும் மறதிக்காரராக இருந்தால், பேச்சு தேய்ந்து தேய்ந்து தானாக நின்றுவிடும்.

மறு ஆய்வில் அவரே சர்வரின் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பச் சொருகியதும் இருபத்துநாலு பெட்டியும் பழையதை விட்டுவிட்டுப் புதிதாகப் பேச ஆரம்பித்தன. என் லேப்டாப்பை வாங்கி வாய்க்கு வந்ததையெல்லாம் அனுப்பிப் பார்த்தார், ஒரு பெட்டியும் அசையவில்லை. வேலை நிரந்தரமானது. அப்பா தெருவில் அதை இரண்டாம் முறை அறிவிக்க முடியாமல் ரொம்பத் தவித்தார்.

வீட்டில் முழுக்கதையையும் சொன்னதுதான் நான் செய்த கடைசித் தப்பு. அப்பாவுக்கு அந்த எழுத்து குறைக்கிற விதி மட்டும் அப்படியே பிடித்துப்போனது. வந்த சொந்தக்காரர்களை அம்மா வாசலில் நின்று அரைமணி நேரம் வழியனுப்பினால், உள்ளேயிருந்து, “எழுத்தக் கொறைங்கப்பா” என்று குரல் வரும்.

என் கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது, “போயிட்டு வாரேன்ப்பா” என்றேன். “போயிட்டு வா” என்றார். “வாரேன்” என்றேன். “சரி” என்றார். “ம்” என்றேன்.

அதற்குக் கீழே எழுத்து இல்லை. அவர் வாயைத் திறந்தார், மூடினார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அம்மா இதை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: “பெத்த பொண்ண வழியனுப்பையில எழுத்து எண்ணிக்கிட்டு நின்ன மனுசன் இந்த ஊர்ல அவிய ஒருத்தர்தான்.”