பெருமாள் ஒட்டிய டிஸ்க்

திருநீர்மலையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர் சாட்சி. இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. சொல்லாமல் விட்டது வேண்டுமானால் இருக்கலாம். அது பொய்யில் சேராது.

சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் போகும் தெருவில், ஸ்ரீநிவாசராகவனின் கம்ப்யூட்டர் டிஸ்க்கை மறுபடி வெளியே துப்பியது.

"பார்மட் பட்டனைத் தட்டின உடனே எரர் வருது அங்கிள்," என்றான் ஹேமநாத். மாடியில் குடியிருப்பவன். சோழிங்கநல்லூரில் சாப்ட்வேர் வேலை. "வேற டிஸ்க் வாங்கிக்கலாமே?"

"பட்டு பெருமாளை ஒட்டி அனுப்பிச்சதுப்பா. அதே டிஸ்க்தான் திரும்பி வரணும்னுட்டா."

பட்டு அவர் மனைவி. மகள் ப்ரியாவின் பிரசவத்துக்காக நியூஜெர்சி போயிருந்தாள். ஆறே மாதம் என்று போனவள், குழந்தை குப்புறித்துக்கொள்ளட்டும், தவழட்டும், நிற்கட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வந்த ஒருவரிடம் பேத்தியின் போட்டோக்களை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அழித்து அழித்து எழுதக்கூடிய டிஸ்க். அதை அழித்துவிட்டு, வீட்டுப் போட்டோக்களை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. கடல் தாண்டும்போது ஒன்றும் ஆகக் கூடாதென்று மேலே வட்டமாகப் பெருமாள் படம் ஒட்டியிருந்தாள். சயனக் கோலம். டிஸ்க்கின் ஓட்டை, நாபிக் கமலம் இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக விழுந்திருந்தது.

பட்டு போன பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆளுக்கு ரசம் வைக்கிற பாத்திரம் உலகத்தில் இல்லை. எவ்வளவு சின்னதாக வைத்தாலும் இரண்டு நாளைக்கு வந்தது. காலையில் பேப்பரை உரக்கப் படிப்பார். டெண்டர் விளம்பரத்தைக்கூட விட மாட்டார். குக்கர் விசில் அடித்தால், "வரேன், வரேன்," என்று பதில் சொல்வார். குக்கர் அடங்கிவிட்டால் அப்புறம் பேசுவதற்கு ஆள் கிடையாது.

"ஸ்டேஷன் பக்கம் மெட்டில்டா அக்கா பிரௌசிங் சென்டர்ல குடுத்தா நிமிஷத்துல முடிச்சிடுவாங்க அங்கிள்."

"பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை. தொந்தரவு பண்ணப்படாது. நீ உக்காரு, காபி கலக்கறேன்."

ஹேமநாத் உட்கார்ந்தான். இருந்த சாப்ட்வேரை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டான். டிஸ்க் அழியவில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் குரல் போய்விட்டது. அதுவரை கிணுங் என்று எரர் காட்டியது, இப்போது ஊமையாகக் காட்டியது.

மறுநாள் எதிர் வீட்டுப் புஷ்பலதாவும் சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"சார், இந்த டிஸ்க்கைத் திருப்பி எழுத முடியாதுன்னு ஸ்க்ரீன்லயே வருதே?"

"பார்மட் கெட்டுப்போனா அப்படித்தான் மேடம் வரும்," என்றான் ஹேமநாத், விட்டுக்கொடுக்காமல். "தான் யாருங்கறதே டிஸ்க்குக்கு மறந்துடும்."

"என் மாமனாருக்கும் கடைசில அப்படித்தான் ஆச்சு," என்றார் கோபு. கோபு, ஏரிக்கரையில் ஸ்ரீநிவாசராகவனோடு நடப்பவர். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. காபிக்கு வந்தவர்.

புஷ்பலதா யோசித்துவிட்டு, "வோல்டேஜ் பத்தல. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க," என்றாள்.

நால்வரும் வியர்வையில் குளித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் அழியவில்லை. அணைத்த ஃப்ரிட்ஜில் தோசை மாவு பொங்கி, கீழ்த்தட்டுக் கத்தரிக்காய்களை மூழ்கடித்தது.

"மாவு வீணாப் போகக் கூடாது," என்று ஸ்ரீநிவாசராகவன் எல்லோருக்கும் தோசை வார்த்தார். புஷ்பலதா சட்னி அரைத்தாள். வீடு முழுக்கப் பேச்சு. ரசம் அன்றைக்கே காலியானது.

அடுத்த நாள் கோபுவுக்கு ஒரு யோசனை. "ஓய் ராகவன், இத்தனை பேர் போட்டுப் படுத்தினதுல டிஸ்க் சூடாயிருக்கும். கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜுல வைங்க."

வைத்தார்கள். எடுத்த ஈரத்தோடு உள்ளே தள்ளினார்கள். அதிலிருந்து டிஸ்க் போடும் தட்டு தன் இஷ்டத்துக்கு ஆடத் தொடங்கியது. கோபு இருமினால் திறக்கும், புஷ்பலதா தும்மினால் மூடும். ரங்கநாதர் சாட்சி என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறது.

ஞாயிறு காலை பட்டு போன் செய்தாள். "ஏன்னா, அந்த டிஸ்க்..." என்று ஆரம்பித்தவளை, "பாப்பா தூங்கறாளா?" என்று கேட்டு அவர் மடக்கினார். அப்புறம் பேத்தியின் பல்லைத் தவிர வேறு பேச்சு எழவில்லை.

அன்று மாலை ஹேமநாத் ஒரு முடிவோடு வந்தான். "ஸ்டிக்கர் கனத்துல டிஸ்க் சுத்தறப்போ ஆடுது. அதான் பிரச்சினை. உரிச்சிடலாம்."

"பெருமாளையா?" என்றாள் புஷ்பலதா.

"நைசா பிளேடு வெச்சு எடுத்துட்டு, பூஜை ரூம்ல ஒட்டிடலாம் மேடம்."

"வேண்டாம்ப்பா," என்றார் ஸ்ரீநிவாசராகவன். முகம் வெளுத்திருந்தது. "இன்னும் நாலு நாள் பார்மட் பண்ணிப் பாக்கலாமே. என்ன அவசரம்?"

"நீங்க சும்மா இருங்க ஓய்," என்று கோபு கற்பூரம் ஏற்றினார்.

ஹேமநாத் பிளேடால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக இழுத்தான். பெருமாள் வந்தார். தனியாக வரவில்லை. டிஸ்க்கின் வெள்ளிப் பூச்சு முழுவதையும், அதன் மேல் அச்சடித்திருந்த எழுத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். ஹேமநாத்தின் கையில் மிச்சமிருந்தது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வட்டம். அதன் வழியே கோபுவின் முகம் தெரிந்தது.

கோபு இருமினார், தட்டுகூடத் திறக்கவில்லை.

"சாரி அங்கிள்," என்று ஹேமநாத் மாடியேறினான். புஷ்பலதா, பெருமாளை உரித்த பாவத்தில் பங்கு உண்டோ இல்லையோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். கோபு காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஹேமநாத் செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கிப் போனான். கோபு ஏரிக்கரையில் எதிர்ப்பக்கமாக நடந்தார். ஸ்ரீநிவாசராகவன் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, நான்கு நாற்காலிகளையும் போட்டது போட்டபடி வைத்திருந்தார். குக்கர் விசில் அடித்தது. "வரேன், வரேன்," என்றார். ரசம் மறுபடி மிஞ்சியது. மிஞ்சிய ரசத்தைக் கீழே கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. பெரிய டம்ளரில் ஊற்றி, பட்டுவின் நாற்காலிக்கு எதிரே நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.

அடுத்த நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தார். வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மாலை அவராகவே மாடிக்கும் எதிர் வீட்டுக்கும் போய்க் கூப்பிட்டார். கோபுவை ஏரிக்கரையிலேயே வழிமறித்தார்.

"கோவம் எல்லாம் இல்லை. பெருமாள் ஒரு வழி காட்டுவார்னு தோணறது. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

மூவரும் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் அப்பளம் பொரித்தார். ரசத்துக்கு நெய்யில் தாளித்துக் கொட்டினார். ஐந்து நிமிஷத்தில் ஹேமநாத்தும் புஷ்பலதாவும் தப்பு வோல்டேஜா ஸ்டிக்கரா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஃப்ரிட்ஜுல இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கணும்," என்றார் கோபு.

"அங்கிள், அந்த டிஸ்க் போனது எனக்கு மனசே ஆறல," என்றான் ஹேமநாத். "ஆன்ட்டிக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"அதை நினைச்சாத்தான்..." என்று ஸ்ரீநிவாசராகவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பிரௌசிங் சென்டர் மெட்டில்டா, கையில் ஒரு சின்னக் கவரோடு வாசலில் நின்றாள்.

"சார், போன தபா மாதிரியே அழிக்க முடியாத டிஸ்க்கா பாத்து, அதே பெருமாள் படத்த ஒட்டிக் கொணாந்துட்டேன். ஆமா, போன மாசம் நான் அழிச்சி எழுதி அமெரிக்காக்கு அனுப்பிச்சேனே, அந்த ஒரிஜினல் டிஸ்க்க வூட்டுக்காரம்மா பாத்துட்டாங்களா?"