கைக்கு அடக்கமான ஒரு திருப்புளி

பிள்ளைகள் வளர்ந்த பிறகு பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, சும்மா இருப்பதுதான். எனக்கு அது மட்டும் வராது. மதுரை கே.கே. நகரில் எங்கள் தெரு வழியாக ஆம்புலன்ஸ் சத்தம் போனால், வீட்டு ஆட்கள் மூன்று பேரும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தோசையை ஊற்றுவேன். (மூன்று பேரில் ஒருத்தி நான். என்னையும் சேர்த்துத்தான் எண்ணுவேன்.)

என் மகள் நிவேதா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். மின்சாரப் பேனல் போர்டு வேலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பல இடங்களுக்கு எழுதிப்போட்டு, கடைசியில் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து மட்டும் செய்முறைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம், ஒரு சின்னப் பேனல், எண்பது ஸ்குரு. வயர்களைச் செருகி அத்தனையையும் இறுக்கி முடிக்க வேண்டும். கருவியை அவரவரே கொண்டுவர வேண்டும்.

சிக்கல் அவளுடைய வலது மணிக்கட்டில் இருந்தது. போன மழைக்கு ஸ்கூட்டியோடு வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்து, கூடி, கட்டும் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் இருபது ஸ்குரு திருப்பினால் வலி ஆரம்பித்துவிடும். எண்பதுக்கு என்ன செய்வாள்?

அதற்குத்தான் ராட்செட் திருப்புளி. சாதாரணத் திருப்புளியில் ஒவ்வொரு திருப்புக்கும் பிடியை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ராட்செட்டில் விட வேண்டாம். முன்னால் திருப்பினால் ஸ்குரு இறங்கும். பின்னால் திருப்பினால் 'டிர்ர்' என்று சத்தம் மட்டும் வரும், ஸ்குரு அசையாது. கைப்பிடிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு வளையம் இருக்கும். இறுக்கவா, கழற்றவா என்பதை அந்த வளையத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். உள்ளே குட்டியாக ஒரு பல்சக்கரம், அதைக் கவ்வ ஒரு நாக்கு, நாக்கைத் தள்ள ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான் அதன் உயிர்.

"நானே போய் ஒண்ணு வாங்கிக்கிறேம்மா" என்றாள் நிவேதா. சாதாரணத் தாயாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பாள். நான் நான்கு நாள் இணையத்தில் படித்தேன். கைப்பிடி மெலிதாக இருந்தால் விரல் இழுக்கும், தடிமனாக இருந்தால் மணிக்கட்டு களைக்கும் என்று போட்டிருந்தது. நேர்க் கைப்பிடி, உருண்டைக் கைப்பிடி, துப்பாக்கி மாதிரி வளைந்தது, குறுக்குக் கட்டை வைத்தது என்று இத்தனை விதமா என்று எனக்கு வியர்த்துவிட்டது. பள்ளியில் மேற்பார்வைக்குப் போன இடத்தில்கூட, பரீட்சை எழுதும் பிள்ளைகள் பேனாவை எப்படிப் பிடிக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எதற்கும் பதறாதவர். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் பதறுகிறேன்.

நிவேதாவின் கைக்கு அளவெடுக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். சப்பாத்தி மாவை நீளமாக உருட்டிக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். சின்ன வயதில் கசப்பு மருந்து குடிக்க எப்படி முகத்தை வைத்துக்கொள்வாளோ அப்படியே வைத்துக்கொண்டு பிடித்தாள். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன. அலுங்காமல் டிபன் பாக்ஸில் எடுத்து வைத்து, அவளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினேன்.

அது சித்திரை வெயில் காலம். ஹார்டுவேர் கடையில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது உள்ளே விரலும் இல்லை, அச்சும் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று ஒரு மாவு உருண்டை இருந்தது.

கடைக்காரரின் பையன் என்னிடம் படித்தவன். அவர் பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "டீச்சர், இதுக்கு நான் என்ன செய்யணும்?"

நிவேதா பாக்ஸை வாங்கி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் நான்கு ராட்செட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். நிவேதா உருண்டைக் கைப்பிடி போட்டதை எடுத்தாள். "இதும்மா. கைக்குள்ள நல்லா உக்காருது." வியர்த்தால் வழுக்கும் என்று நான் தள்ளிவிட்டேன். துப்பாக்கி மாதிரி இருந்ததைப் பேனல் மூலைக்குள் நுழைக்க முடியாது என்று அவள் தள்ளிவிட்டாள். குறுக்குக் கட்டை வைத்தது தெருக்குழாய் வால்வு திறக்கிற சாவி மாதிரி இருந்தது. மிச்சம் ஒன்று. தடித்த கறுப்பு ரப்பர் பிடி, விரலுக்கு விரல் ஆழமான பள்ளம். சப்பாத்தி மாவு காணாமல் அடித்த அச்சு ரப்பரில் இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

ஆனாலும் உடனே வாங்கிவிடவில்லை. சோதித்துப் பார்க்கப் பலகை கேட்டேன். கடைக்காரர் ஒரு மரத்துண்டு கொடுத்தார். ஸ்குருக்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். பிறகு அத்தனையையும் கழற்றினேன். எனக்குப் பின்னால் பெயிண்ட் வாளியோடு ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரக்கா, திருப்புளி பாக்குறீங்களா, மாப்ள பாக்குறீங்களா? எங்க வீட்டுல மாப்ள பாக்கவே இம்புட்டு நேரம் எடுக்கல."

கடையே சிரித்தது. நிவேதா பக்கத்துக் கடைக்குப் போய் பி.வி.சி. குழாய்களைப் பார்த்தபடி நின்றாள். அந்த ரப்பர் பிடியையே வாங்கினேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

தேர்வு நாள் காலை, நிவேதா குளிக்கப் போயிருந்தாள். திருப்புளி மேசைமேல் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். மிக்ஸிக்கு வைத்திருக்கிறோம், கேஸ் அடுப்புக்கு வைத்திருக்கிறோம். என் மகளின் பிழைப்பே இந்த ஒரு திருப்புளியில் இருக்கும்போது இதை மட்டும் மொட்டையாக அனுப்புவதா?

சந்தனக் கட்டையைக் கல்லில் உரைத்தேன். தண்ணியாக இருந்தால் வழியும் என்று கெட்டியாக உரைத்தேன். முதலில் கைப்பிடித் தலையில் ஒரு பொட்டு. பிறகு விரல் பள்ளங்களில் கீற்றுக் கீற்றாக. அந்தப் பள்ளங்கள் சந்தனத்துக்காகவே செய்தது மாதிரி இருந்தன. எல்லாம் முடிந்த பிறகு கழுத்து மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. வளையத்தைச் சுற்றி ஒரு மாலை மாதிரி பூசினேன். எல்லாப் பக்கமும் சமமாகப் படியட்டும் என்று வளையத்தையும் கைப்பிடியையும் இப்படியும் அப்படியும் திருகினேன். 'டிர்ர்' என்ற சத்தம் மெல்ல அடங்கி மெதுவாக வந்தது. சாந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். (கருவி சாந்தமாவதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.) குங்குமம் வைத்து, காயட்டும் என்று ஜன்னல் வெயிலில் நிறுத்தினேன்.

நிவேதா அதைப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கினாள். வெளியே ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

பஸ்ஸில் நானும் இருந்தேன். வரக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாடிப்பட்டியில் ஒரு தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். எனக்கு வாடிப்பட்டியில் தோழி கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

கம்பெனி வாசலில் காவலாளிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு கொடுத்தார்கள். தேர்வு நடந்த கூடத்தின் ஜன்னல்கள் வெக்கைக்காகத் திறந்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒரு ஜன்னலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தேன். நிழல் நகர்கிறது, அதனால் நானும் நகர்கிறேன் என்று காவலாளியிடம் சொன்னேன். நிழல் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பேனல்கள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்த சூப்பர்வைசர் பின்னால் கைகட்டி நடந்தார். நிவேதா மூன்றாவது மேசையில் இருந்தாள். அவளுடைய 'டிர்ர்' எனக்குத் தனியாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே ஸ்குருக்களை எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் சத்தம் கரகரத்தது. பிறகு நின்றுபோனது.

எட்டிப் பார்த்தேன். அவள் கையில் கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது, ஸ்குரு சுற்றவில்லை. வளையத்தைத் திருகினாள். இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது. உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினாள். கழுத்திலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி மேசைமேல் உதிர்ந்தது.

அவள் தலையைத் தூக்கி நேராக ஜன்னலைப் பார்த்தாள். நான் அங்கேதான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நிவி, கழுத்துக்குள்ள சந்தனம் போயிருக்கும். ஊதிப் பாரு."

பன்னிரண்டு திருப்புளிகளும் நின்றன. (சரியாகச் சொன்னால் பதினொன்று. ஒன்று ஏற்கெனவே நின்றிருந்தது.) சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார். வெளியிலிருந்து விடை சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதனால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கல்லில் உரைத்தது, கெட்டியாக உரைத்தது, மாலை மாதிரி பூசியது, வளையத்தைத் திருகியது என்று எதையும் விடவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"டீச்சரா இருக்கேன் சார்."

"என்ன சப்ஜெக்ட்?"

நான் நிவேதாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"கெமிஸ்ட்ரி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு நிவேதாவிடம் திரும்பினார். "நேரம் ஓடுது பாப்பா. நான் வேற டூல் தர முடியாது. என்ன செய்யப் போற?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கழுவித் துடைக்கக் கொஞ்சம் பெயிண்ட் தின்னர் கேட்டாள். கைக்குட்டையை மேசையில் விரித்து, தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, வளையத்தைப் பிடித்திருந்த கம்பியை நெம்பி எடுத்தாள். பல்சக்கரம் வந்தது, நாக்கு வந்தது, கடுகு மாதிரி ஸ்பிரிங் வந்தது. எல்லாவற்றிலும் சந்தனம் சிமெண்ட் மாதிரி அப்பியிருந்தது. ஸ்பிரிங் தெறித்து விழுந்துவிடுமோ என்று நான் குனிந்து மேசைக்கு அடியில் கையேந்தினேன்.

"அம்மா" என்றாள், தலை நிமிராமல். "வெளிய போம்மா."

போனேன். காவலாளி எழுந்து பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார். நேரம் முடிந்து மணி அடித்தபோது என் மகளின் பேனலில் ஆறு ஸ்குரு பாக்கி.

திரும்பி வருகிற பஸ்ஸில் சமயநல்லூர் வரைக்கும் அவள் மடியில் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "கழட்டுறப்ப நல்லா வாசமா இருந்துச்சும்மா." அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று இப்போது வேடிக்கையாக எழுதவும் முடியவில்லை. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் தூள் உதிர்ந்தாலும் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைத் துடைத்தேன். ஆறு ஸ்குரு. நான் சும்மா இருந்திருந்தால் ஆறு ஸ்குரு.

பிறகு ஒரு நாள் அந்த சூப்பர்வைசரே என் வீட்டுக்காரரின் போனுக்குக் கூப்பிட்டார். அடுத்த தேர்வுக்கு ஆள் எடுக்கிறார்களாம். "டூலப் பிரிச்சு மாட்டி, திரும்ப வேலைக்கும் உக்காந்துச்சுல்ல, அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க சார்" என்றாராம். கொஞ்சம் யோசித்து, "அம்மா மட்டும் வேணாம்" என்றும் சொன்னாராம்.

இந்த முறை நிவேதா தனியாகப் போய் உருண்டைக் கைப்பிடி ராட்செட் வாங்கினாள். தேர்வு நாளன்று அதை வீட்டில் எந்த அறையில் வைத்திருக்கிறாள் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. நான் பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்கு ஒரே சமன்பாட்டை மூன்று தடவை எழுதினேன். மதியம் செய்தி வந்தது. எண்பது ஸ்குருவும் முடித்து, நேரமும் மிச்சம் வைத்திருந்தாள். வேலை கிடைத்தது.

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லாத வீடு மதுரையில் பாக்கி இல்லை. அவர் சொல்லச் சொல்ல சந்தனத்தின் அளவும் கூடிக்கொண்டே போகிறது. இப்போதைய நிலவரப்படி நான் ஒரு கிண்ணம் முழுக்கக் கரைத்து ஊற்றியிருக்கிறேன், கம்பெனி ஒரு நாள் பூட்டிக் கிடந்திருக்கிறது. கல்யாண வீட்டு வரவேற்பில் சந்தனக் கிண்ணத்துப் பக்கம் நான் போனாலே என் நாத்தனார், "மதினி, மாப்ள கழுத்துல பூசிறாதீங்க, சுத்த மாட்டாரு" என்கிறாள். நானும் சிரிக்கிறேன். கிண்ணத்தை மட்டும் தொடுவதில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு நிவேதா குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பினாள். கம்பெனி மேசைமேல் கருவிகளை வரிசையாக அடுக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அவளுடைய ராட்செட்டை மட்டும் பாலிதீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, பொட்டைக் கவர்மேல் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசரின் உத்தரவாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

நான் படத்தைப் பெரிதாக்கி, மற்றப் பிள்ளைகளின் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. எழுதினேன்: 'இடமிருந்து நாலாவதும் ஏழாவதும். கழுத்து வரைக்கும் பூசியிருக்கிறார்கள். காய்வதற்குள் துடைக்கச் சொல்.'

ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். முன்னால் சூப்பர்வைசரின் குரல்.

"துடைச்சாச்சு டீச்சர். ரெண்டையும்."