மரியாதைக்கு ஒரு ‘ஸ்’

தெரியாது என்று சொல்லத் தெரியாத ஓர் இனம் உண்டு. ராயபுரத்தில் அதன் சிறந்த மாதிரி சாவியோ. துறைமுகத்தருகே கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. நீங்கள் கத்திவாக்கத்துக்கு வழி கேட்டால், லேசாகக் கண்ணை மூடி, “அது வந்து...” என்று தொடங்கி, பஸ் நம்பர் சொல்லி, இறங்குகிற இடத்தில் எந்தக் கடையில் டீ குடிக்கலாம் என்பதுவரை விளக்கி, உங்களை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பிவைப்பான். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. அவ்வளவுதான்.

சிடி பிளேயர் வந்த புதிதில், ஜமைக்கா மாலுமி ஒருவர் அவனுக்கு ஒரு டான்ஸ்ஹால் ரிடிம் சிடி கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்றிருந்தது. பல கலைஞர்கள் என்று பொருள். சாவியோ அதையே பாடகர் பெயராக எடுத்துக்கொண்டான்.

கல்மண்டபத்தில் கேசட் கடை வைத்திருக்கும் ரஷீது பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார்.

“இன்னா மாமு, எல்லாப் பாட்டும் ஒரே அடியாகீது?”

“ஆளு ஒண்ணு, அடியும் ஒண்ணு. தொண்டைதான் வேற வேற. பொம்பள குரல்லகூடப் பாடுவாரு.”

“பேருக்குப் பின்னாடி இன்னாத்துக்கு ‘ஸ்’?”

“பெரிய மனுசன் நைனா. மரியாதைக்குப் போட்டுக்கீறாங்கோ.”

ராயபுரம் ஒப்புக்கொண்டது. ஏன் ஒப்புக்கொள்ளாது? ஒரே ஆளை ‘வந்தார்கள்’ என்று சொல்கிற ஊர்தானே?

சிக்கல் ஜானட் வடிவில் வந்தது. கோயிலில் பூசை நடக்கும்போதெல்லாம் சாவியோ பீடத்தைவிட அதிகம் பார்த்த பெண். இரு வீட்டாரும் பேசி, அவள் சம்மதம் மட்டுமே பாக்கி என்றிருந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சிடியைப் பரிசாக எடுத்துப் போனான். அவள் அட்டையைத் திருப்பினாள். யாரும் அதுவரை திருப்பியதில்லை.

“பின்னாடி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பேர் கீதே?”

“எல்லாம் அவர் பேருதாங்க.”

“பொம்பளை பேருகூட கீது.”

“நமக்கே ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, வூட்டுப் பேரு ஒண்ணு இல்லையா?”

ஒரே தாளத்தின்மேல் ஆளாளுக்கு ஒரு பாட்டுப் பாடுவது அந்த நாட்டு வழக்கம் என்பதை ஜானட் அரை நிமிடத்தில் ஊகித்துவிட்டாள். கோபப்படவில்லை. அட்டையை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உள்ளே போய் அப்பாகிட்ட சரின்னு சொல்லிடறேன்.”

சாவியோ கண்ணை மூடினான். வாய் திறந்தது. ‘தெரி’ வரைக்கும் வந்தது.

‘யுமே’ என்று முடிந்தது.

சம்பந்தம் ஏன் முறிந்தது என்று ரஷீது கேட்டபோது அதற்கும் பதில் இருந்தது. அந்தப் பொண்ணுக்கு மியூசிக் தெரியாதாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இரண்டாவது பத்தியில் ‘ரிடிம்’ என்று ஒரு சொல் வந்ததே, அங்கே நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று யாரையாவது கேட்டீர்களா? தலையை ஆட்டிவிட்டுத்தானே இதுவரை வந்தீர்கள்?